எடை சரியாக இருந்தது

சுழல் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து காபி குடிக்கிறார். குடிக்கட்டும். சர்க்கரை இல்லாத காபி, கேன்டீனுக்கு நான்தான் போய் வாங்கி வந்தேன், கையில் கொடுத்தபோது "தேங்க்ஸ்மா" என்றார், என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்க நான் திரும்ப வேண்டியதில்லை. எனக்கு முன்னால் இருக்கிற சோதனைக் கூண்டின் கண்ணாடியில் ஆள் பிம்பமாக முழுசாகத் தெரிகிறார், தொப்பை, சட்டைப் பையில் பேனா, கழுத்தில் விசிட்டர் பாஸ், அதற்கு மேலே தாடி. தாடி! குலசேகரன் தாடி வளர்த்திருக்கிறார். காலையில் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றபோது எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. ஆறு வருஷமாக மனசுக்குள் நிறுத்தி வைத்துத் திட்டின முகம் வேறு, மழுமழுவென்று பவுடர் பூசின முகம். வந்து நிற்பதோ ஓரமெல்லாம் ஒழுங்காகக் கத்தரித்த வெள்ளைத் தாடி. ரிட்டயர்டு ஆனவர் தாடி வளர்த்தால் என்ன, யாரும் அதைப் பார்த்து எதையும் எழுதிவிடப் போவதில்லை. இந்த அணுமின் நிலையத்தில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து எல்லோரையும் ஆட்டி வைத்தார். ஓய்வு பெற்ற சூட்டோடு முகமூடி டப்பா செய்கிற கம்பெனியில் ஆலோசகராகச் சேர்ந்துவிட்டார். இன்றைக்கு அந்தக் கம்பெனியின் சார்பில் சோதனையை நேரில் பார்க்க வந்திருக்கிறார். அவர் கொண்டுவந்த டப்பாக்கள் தேறுகின்றனவா இல்லையா என்று சொல்கிற வேலை என்னுடையது. இப்படி ஒரு நாள் வரும் என்று எந்த ஜோசியனாவது சொல்லியிருந்தால் வெற்றிலை பாக்கோடு புது வேட்டியும் வைத்துக் கொடுத்திருப்பேன்.

டப்பா என்றுதான் இங்கே எல்லோரும் சொல்கிறோம். முகமூடியின் இரண்டு கன்னத்திலும் திருகி மாட்டுகிற வட்டமான டப்பா, உள்ளே கரி, கரியில் ஏற்றின மருந்து. உலைக் கட்டடத்துக்குள் கசிகிற அயோடின் ஆவி கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. மூச்சோடு போய்க் கழுத்தில் இருக்கிற சுரப்பியில் குடியேறிவிடும். அதை வழியிலேயே மடக்கிப் பிடிக்கத்தான் டப்பா. சோதனை என்பதும் பெரிய வித்தையில்லை. டப்பாவைக் கூண்டுக்குள் மாட்டி, ஈரக் காற்றை அதன் வழியாக ஊதி, அந்தக் காற்றில் துளியூண்டு கதிரியக்க ஆவியைக் கலந்துவிட்டு, டப்பாவைத் தாண்டி ஏதாவது வெளியே வருகிறதா என்று பின்னால் இருக்கிற கருவியில் எண்ணுவது. காற்று ஈரமாகத்தான் இருக்க வேண்டும். உள்ளே வேலை செய்கிறவன் நீராவியில் நிற்கிறான், வியர்க்கிறான், அவன் மூச்சே ஈரம். காய்ந்த காற்றில் எல்லா டப்பாவும் உத்தமன்தான். பெட்டியிலிருந்து நாலு டப்பாவை எடுத்துப் பார்ப்போம், நாலில் ஒன்று ஒழுகினாலும் மொத்தச் சரக்கும் லாரி ஏறித் திரும்பிவிடும். முதல் இரண்டும் தேறிவிட்டன, மூன்றாவது இப்போது கூண்டுக்குள். ஓரத்து மேஜையில் ஹமீது சார் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், எங்கள் பிரிவுக்குத் தலைவர், அதிகம் பேசாதவர். "பேக்ரவுண்ட்தான், பொற்கொடி. ஒண்ணும் வரல" என்கிறார். பின்னாலிருந்து அந்தக் குரல், "எப்படிங்க வரும்? எங்க சரக்கு அப்படி. மருந்துல நாங்க கை வைக்கிறதே இல்ல." மருந்தில் கை வைப்பதில்லையாம். சரக்கு நல்ல சரக்கு, அதுதான் எரிச்சல். கெட்டவன் கெட்ட சரக்கோடு வந்திருக்கக் கூடாதா? எண் ஏறும், தூக்கிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். திரையில் எண் அசையாமல் கிடக்கிறது.

தட்டில் நாலாவது டப்பா காத்திருக்கிறது. அதைப் பார்க்கக் கூடாது என்று நினைக்கும்போதெல்லாம் கண் அங்கேதான் போகிறது. நினைப்பை வேறு பக்கம் திருப்ப வேண்டும், திருப்பினால் அது நேரே வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நிற்கிறது, என் புருஷன் சவரம் செய்துகொள்கிறார். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் விளக்கு வைத்ததும் ஒரு தடவை. தணிகைவேலுக்குத் தினமும் இரண்டு சவரம். சோப்பு நுரையைப் பூசி, இழுத்து, கழுவி, புறங்கையால் தாடையைத் தடவிப் பார்த்து, எங்கேயோ ஒரு முள் குத்துகிறது என்று மறுபடி நுரை போடுவார். தோல் சிவந்து, சில நாள் ரத்தம்கூட வரும். "எதுக்குங்க, எங்க போகப் போறீங்க?" என்றால் பதில் வராது. பதில் சொல்லக் குரலும் இல்லை. ஆபரேஷனில் கழுத்துச் சுரப்பியை எடுத்தபோது நரம்பில் ஏதோ ஆகிவிட்டது என்றார்கள், காற்றுதான் வருகிறது. தெருமுனையில் சைக்கிளைத் திருப்பும்போதே "ஏ பொற்கொடி, தண்ணி வையி" என்று கத்துகிற மனுஷன், பக்கத்து வீட்டுக்காரி "உங்க வீட்டுக்காரரு வந்தா ஊருக்கே தெரியும்" என்று கேலி செய்வாள், இப்போது அடுப்படிக்குள் வந்து என் தோளைத் தொட்டால்தான் வந்திருப்பது தெரியும். அந்த ஆவிதான் காரணம் என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார்கள். ஆனால் தாடிதான் காரணம் என்று எழுத ஒருவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த ஒருவர் இப்போது காபியின் அடியில் தங்கின நுரையை ஆட்டிக் குடிக்கிறார்.

அந்தத் தாடி திருத்தணி முருகனுக்கு நேர்ந்துவிட்ட தாடி. பெண்ணுக்கு மஞ்சள் காமாலை வந்து பிழைத்தாள், முடியும் தாடியும் இறக்குவதாக வேண்டிக்கொண்டு வளர்த்தார். உலையை நிறுத்திப் பழுதுபார்க்கிற ஷட்டவுன் வேலை முடிந்ததும் மூன்று பேரும் போவதாக இருந்தோம். காண்ட்ராக்டில் பிட்டர் வேலை அவருக்கு, வால்வு பிரித்து மாட்டுவதில் கெட்டிக்காரர். அன்றைக்குக் காலையில் உள்ளே போக வேண்டியவன் வரவில்லை, நீ போ என்றிருக்கிறார்கள். தாடி இருந்தால் முகமூடி முகத்தோடு ஒட்டாது, ஓரத்தில் காற்று புகும், அது அவருக்கும் தெரியும். உடை மாற்றுகிற அறையிலேயே யாரிடமோ பிளேடு வாங்கி, நுரைகூட இல்லாமல், கைகழுவுகிற சோப்பைப் போட்டு மழித்துக்கொண்டு போயிருக்கிறார். சாமிக்கு நேர்ந்ததை மழித்துவிட்டு. அன்று வீட்டுக்கு வந்தபோது மோவாயில் வெட்டுக் காயம், "சாமி கோச்சுக்குமா?" என்று என்னிடம் கேட்டார், சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அதற்குள் கழுத்தில் கருவியை வைத்துப் பார்த்து எண் ஏறியிருக்கிறது, மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், அதை அப்புறமாகத்தான் சொன்னார். விசாரணை வந்ததோ ஆஸ்பத்திரிக்கெல்லாம் போய்த் திரும்பின பிறகு. அதற்குள் தாடி மறுபடி வளர்ந்துவிட்டது, விட்ட வேண்டுதலைத் தொடர்கிறேன் என்று வளர்த்தார். மேஜையின் அந்தப் பக்கம் குலசேகரன். நுழைவுச் சீட்டில் இருந்த படத்தைப் பார்த்திருக்கிறார், தாடி. ஆளைப் பார்த்திருக்கிறார், தாடி. "எடை சரியா இருந்துச்சு. டப்பாவுல கோளாறில்ல. ஆள் தாடியோட உள்ள போயிருக்கான்." முடிந்தது. மழித்தேன் சார், அங்கேயே மழித்தேன் சார் என்று என் புருஷன் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டே இருந்தாராம். பிளேடு கொடுத்தவன் எதற்கு வம்பு என்று வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்தால் மாமியார் வேறு பாட்டுப் பாடினாள், "சாமிக்கு விட்ட தாடிய செரைச்சியேடா, அதான் உனக்கு இப்படி ஆச்சு." ஆபீஸில் தாடி இருந்ததால் வந்ததாம், வீட்டில் தாடி இல்லாததால் வந்ததாம். நடுவில் மாட்டிக்கொண்ட மனுஷன் அன்றைக்கு எடுத்த ரேஸரை இன்றைக்கு வரைக்கும் கீழே வைக்கவில்லை.

"அடுத்தது மாட்டலாமேம்மா" என்கிறார் குலசேகரன். அவசரம். சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்துவிட்டால் சாயங்கால ரயிலைப் பிடித்துவிடலாம் என்று ஹமீது சாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார், பேரனுக்குப் பிறந்த நாளாம். மூன்றாவது இன்னும் முடியவில்லை சார் என்கிறேன், என் குரல் ஒழுங்காகத்தான் வருகிறது. எடை சரியாக இருந்தது. அந்தச் சொல்லை வாய்க்குள் உருட்டி உருட்டி எனக்குப் பல்லே தேய்ந்துவிட்டது. கடல் காற்று ஊரில் ஸ்டோரில் கிடக்கிற டப்பா ஈரம் குடிக்கும், குடித்தால் எடை ஏறும், அச்சடித்த எடைக்கு மேலே போனால் ஒதுக்கிவிட வேண்டும். அந்த ஷட்டவுன் சமயத்தில் ஸ்டோரில் இருந்த டப்பாவெல்லாம் எடை ஏறிக் கிடந்தது, புதுச் சரக்கு வந்து சேரவில்லை. நான் அப்போது பக்கத்துத் தாழ்வாரத்தில், தண்ணீர் சோதிக்கிற லேபில் இருந்தேன். ஒரு வாரம் தாழ்வாரம் முழுக்கக் கருவாட்டு வாசனை. யாருடா ஆபீஸில் கருவாடு சுடுகிறது என்று எல்லோருக்கும் ஒரே சிரிப்பு, ஹமீது சார் அப்போது சாதாரண அஸிஸ்டென்ட், மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து, "நெத்திலியா, வஞ்சிரமா?" என்று என்னிடம் கேட்டார், நான் நெத்திலி என்றேன். பெரிய ஓவனில் தட்டுத் தட்டாக டப்பாவை அடுக்கி வறுத்துக்கொண்டிருந்தார்கள். குலசேகரன் சார் உத்தரவு. ஈரம் போகிற வரைக்கும் சூடு காட்டு, எடை இறங்கினதும் எடுத்து உறை போட்டு ஒட்டு. எடை இறங்கிற்று. சரக்கு பிழைத்தது, ஷட்டவுன் பிழைத்தது, என்ன யோசனை என்று அவரைப் பாராட்டினார்கள். நானும் அது நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன், எனக்கு அப்போது டப்பாவைப் பற்றி என்ன தெரியும்? அப்புறம் கேட்டு வாங்கிக்கொண்டு இந்த லேபுக்கு மாற்றலாகி வந்தேன். வந்த புதிதில் ஒரு நாள் மருந்து ஏற்றின கரியைக் கொஞ்சம் சூடாக்கிப் பார்த்தோம். அதே கருவாடு. சட்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன். போனது ஈரம் மட்டுமில்லை. மருந்து சூட்டில் ஆவியாகிப் போய்விடும், போகிறபோது அந்த நாற்றம் வரும். மிஞ்சுவது வெறும் கரி. ஈரக் காற்றில் வெறும் கரி அந்த ஆவியைப் பிடிக்காது, வாசலைத் திறந்துவிட்டு வா வா என்று உட்கார்ந்திருக்கும். என் புருஷன் நீராவிக்குள் நின்று வால்வைப் பிரித்தபோது இரண்டு கன்னத்திலும் அதைத்தான் மாட்டியிருந்தார், மோவாயில் ரத்தக் காயத்தோடு, சுத்தமாக மழித்த முகத்தோடு.

தெரிந்து என்ன செய்ய? அவர் மாட்டியிருந்த டப்பாக்கள் கதிரியக்கக் குப்பையாகிப் பீப்பாயில் அடைபட்டு சிமெண்டுக்குள் போய்விட்டன. கருவாட்டு நாற்றத்தை யார் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள்? ஒருவரிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "பழசைக் கிளறாதீங்க மேடம், உங்க வேலைக்கு உலை வெச்சுக்காதீங்க" என்றார். வைத்துக்கொள்ளவில்லை. பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்தாலும் உள்ளே ஒரு ஆள் ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தாள், பஸ்ஸில், ரேஷன் வரிசையில், புருஷனுக்குச் சோறு போடும்போது. குலசேகரனைத் திருத்தணிப் படியில் முட்டி தேய ஏற வைத்தேன். அந்த நீராவி அறைக்குள் வறுத்த டப்பாவோடு அனுப்பிக் கதவைச் சாத்தினேன். அவர் குரலை எடுத்தேன். ஒரு நாள் அவர் பேரன் "தாத்தா, கதை சொல்லு" என்று கேட்கிறான், அவர் வாயைத் திறக்கிறார், காற்று வருகிறது. அதை நினைத்த அன்றைக்கு எனக்கு நல்ல தூக்கம் வந்தது, யார் என்ன சொன்னாலும் சொல்லட்டும். அப்படி இருக்கும்போது போன வாரம் இந்தப் பெட்டிகள் வந்திறங்கின, கம்பெனி சார்பில் வருகிறவர் பெயரைப் படித்தேன்.

மூன்றாவதும் தேறிவிட்டது. பிடியைத் தளர்த்திக் கழற்றுகிறேன், கையுறைக்குள் விரல் வியர்த்து வழுக்குகிறது. இப்போது தட்டில் இருக்கிற நாலாவது. அதுவும் குலசேகரன் கொண்டுவந்த பெட்டியிலிருந்து எடுத்ததுதான், அதே உறை, அதே முத்திரை. நேற்று அதை ஓவனில் வைத்தேன். அதே ஓவன், இன்னும் அதே தாழ்வாரத்தில்தான் இருக்கிறது, கதவின் ரப்பர் மட்டும் புதுசு. வைத்து எடுத்து, எடை இறங்கிப் போயிருந்ததால் மூடியைத் திறந்து ஜன்னலோரம் வைத்தேன், கடல் ஈரத்தைக் குடித்துக் குடித்து எடை பழைய இடத்துக்கே வந்து நின்றது. மருந்து போன இடத்தில் தண்ணீர். தராசு என்ன கண்டது? காலையில் ஹமீது சார் உள்ளே வந்ததும் மூக்கைச் சுளித்தார், ஒரு நிமிஷம் நின்றார், பிறகு, "ஜன்னல நல்லாத் திறந்து விடு, பொற்கொடி" என்றார், அவ்வளவுதான். தெரிந்துகொண்டாரா? தெரிந்தால் ஏன் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்? எடை பார்க்கும்போது குலசேகரனும் கண்ணாடியை மூக்கில் ஏற்றி வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார், "கரெக்டா இருக்கு" என்றார். இதை மாட்டினால் ஒழுகும். மொத்தச் சரக்கும் போகும், கம்பெனி போகும், அவர் மரியாதை போகும், நல்ல சரக்கை வைத்துக்கொண்டே மண்ணைக் கவ்வுவார். நல்ல முகத்தை வைத்துக்கொண்டு என் புருஷன் கவ்வினாரே, அந்த மாதிரி. கணக்கு அவ்வளவுதான். ஆனால் இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் ஒன்று தடுக்குகிறது, நேற்று ராத்திரியிலிருந்து தடுக்கிக்கொண்டே இருக்கிறது. அடுத்த ஷட்டவுன் வருகிறது. இந்தச் சரக்கு திரும்பிப் போனால் ஸ்டோரில் இருக்கிற பழசுதான், பழசெல்லாம் எடை ஏறிக் கிடக்கிறது, யாராவது ஒரு கெட்டிக்காரன் ஓவன் இருக்கிறதே என்பான். இன்னொரு பிட்டர், இன்னொரு கழுத்து, இன்னொரு வீட்டில் அடுப்படியில் நிற்கிறவள் தோளில் ஒரு கை. அவளுக்கும் எனக்கும் என்ன பகை? மாட்டாதே. மூடி வைத்துவிட்டு நல்லதாக ஒன்றைப் பெட்டியிலிருந்து எடு. எடுத்தால் அவர் சாயங்கால ரயிலில் ஏறிப் போய்ப் பேரனுக்குக் கேக் ஊட்டுவார். "என்னம்மா, தூங்கிட்டியா?" என்கிறது தாடி. பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது போல் இருக்கிறது. என் கை நாலாவதை எடுத்து மாட்டிவிட்டது. நான் மாட்டினேன், கையின் மேல் பழி போடுவானேன்.

ஈரக் காற்று ஓடுகிறது. ஆவியைத் திறந்துவிட்டேன். முதலில் ஒன்றும் இல்லை, எண் தூங்குகிறது, ஒருவேளை மருந்து முழுசாகப் போகவில்லையோ, என் சூடு போதவில்லையோ, போதாமல் இருந்தால் நல்லது, ஐயோ போதாமல் இருந்துவிடக் கூடாது, முருகா எது வேண்டுமோ அதைச் செய், எனக்கு எது வேண்டும் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. எண் அசைகிறது. ஹமீது சார் நிமிர்கிறார். எண் ஏறுகிறது, கொஞ்சம் ஏறி நிற்கும் என்று பார்த்தால் நிற்கவில்லை, படியேறுகிற மாதிரி ஏறிக்கொண்டே போகிறது. "பொற்கொடி, சீல் பாரு" என்கிறார் ஹமீது சார். பார்த்தேன். பிடி இறுக்கமாக இருக்கிறது, ஓரத்தில் கசிவு இல்லை. முகத்தோடு ஒட்டித்தான் இருக்கிறது சார், தாடி கீடி ஒன்றும் இல்லை என்று வாய் வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். பின்னால் நாற்காலி உருண்டு சுவரில் இடிக்கிற சத்தம். குலசேகரன் எழுந்து வந்து என் தோளுக்கு மேலே எட்டித் திரையைப் பார்க்கிறார், காபி வாசனை மூச்சு என் காதில் படுகிறது. "இருக்காது. இருக்கவே இருக்காது. மெஷின்ல கோளாறு." மெஷினில் கோளாறில்லை என்கிறார் ஹமீது சார். "அப்ப டப்பாவை யாரோ என்னவோ பண்ணியிருக்காங்க! இது எங்க டப்பா பண்ற வேலையே இல்ல!" தாடி நடுங்குகிறது. ஆறு வருஷமாக இதைத்தான் கேட்டேன், இந்த நடுக்கத்தைத்தான், சத்தியமாக இனிக்கிறது, நெஞ்சு நிறைய இனிக்கிறது. அந்த இனிப்பில்தான் திரும்பினேன், அவரை நேருக்கு நேர் பார்த்தேன், யோசிக்காமல் வாயில் ஊறிப்போன சொல் வந்துவிட்டது. "எடை சரியா இருந்துச்சே சார்."

"எடையா?" என்று கத்தினார். "எடையை வெச்சு என்னம்மா தெரியும்? யாரோ இதுக்குச் சூடு காட்டியிருக்காங்க! ஓவன்ல வெச்சா மருந்து பூராவும் ஆவியாப் போயிடும், வெறும் கரிதான் மிஞ்சும், அப்புறம் ஈரம் குடிச்சு எடை மட்டும் சரியாக் காட்டும்! இதுகூடத் தெரியாதா உங்களுக்கு? இந்த லைன்ல இருக்கிற சின்னப் புள்ளைக்குத் தெரியும்!" இது நான் போட்ட திட்டத்தில் இல்லை. நான் கேட்டது அவர் பணத்தை, அவர் மரியாதையை. அவர் வாயிலிருந்து இப்படி ஒன்று வந்து விழும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. சின்னப் பிள்ளைக்குத் தெரியுமாம். அன்றைக்கு உனக்குத் தெரியாதா, தெரிந்துதான் எழுதினாயா, இல்லை கம்பெனிக்குப் போன பிறகுதான் கற்றுக்கொண்டாயா? எதுவாக இருந்தாலும் சொல்லிவிட்டாய், ஹமீது சார் கேட்டுவிட்டார். என் நாக்கு நுனியில் ஒரு பதில் தயாராக நிற்கிறது, நேற்றே ஒத்திகை பார்த்தது. எனக்கென்ன தெரியும் சார், உங்க பெட்டியிலேர்ந்து எடுத்ததுதான். அதைச் சொன்னால் சரக்கு போகும், இவர் தெருவில் நிற்பார், என் வேலை பத்திரம். ஆனால் அதைச் சொன்னால் இவர் கத்தினது வியாபாரி சாக்குச் சொல்கிறான் என்று ஆகிவிடும். இவர் சொன்னது உண்மை என்று ஆக வேண்டுமானால் சூடு காட்டினதும் உண்மை என்று ஆக வேண்டும். இவர் பணம் வேண்டுமா எனக்கு, இல்லை என் புருஷன் முகம் வேண்டுமா? மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

"சூடு காட்டினது நான்தான் சார்" என்றேன். "உங்க பெட்டி டப்பாதான். நேத்து அந்தத் தாழ்வாரத்து ஓவன்ல வெச்சேன். நீங்க அன்னிக்கு ஷட்டவுனுக்கு வெச்சீங்கள்ல, அதே ஓவன்." அவர் முதல் தடவையாக என் முகத்தைப் பார்க்கிறார். "யாரும்மா நீ?" என்று கேட்டார். தணிகைவேல் சம்சாரம் என்றேன். புருவத்தைச் சுருக்கி யோசித்தார், நடிப்பில்லை, நிஜமாகவே யோசித்தார், ஆறு வருஷம் என் வீட்டில் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த ஆளுக்கு அந்தப் பெயர் ஞாபகம் வரவில்லை. "எந்தத் தணிகைவேல்?" அப்போதுதான் எனக்கு வந்த கோபம் அதுவரைக்கும் வந்த கோபத்தையெல்லாம் சேர்த்தாலும் காணாது. "தாடியோட உள்ள போனான்னு எழுதுனீங்களே சார், அவரு. மழிச்சுக்கிட்டுத்தான் போனாரு. சாமிக்கு விட்ட தாடிய உங்க டப்பாவுக்காக மழிச்சுக்கிட்டுப் போனாரு." அவர் கை மேலே வந்தது, கன்னத்துக்குப் பக்கத்தில் வந்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது, அப்படியே இறங்கிற்று. "அப்போ எங்களுக்கு அவ்வளவா..." என்று ஆரம்பித்தார். ஹமீது சார் எழுந்து வந்து ஆவியை அடைத்தார். "இன்னிக்குக் காலையில வந்த வாசனை எனக்குத் தெரியும் சார். அன்னிக்கு அதைக் கருவாடுன்னு சொல்லிச் சிரிச்சவன் நான்" என்றார் அவரிடம். பிறகு என்னைப் பார்த்து, "இதை மேல சொல்லியாகணும் பொற்கொடி. நீ செஞ்சதையும் சேர்த்துத்தான் சொல்லியாகணும்" என்றார்.

"ரெண்டையும் சொல்லுங்க சார்" என்றேன். கையுறையைக் கழற்றிக் குப்பைப் பீப்பாயில் போட்டேன். நாளைக்கு வேறு யாராவது பெட்டியிலிருந்து நல்லதாக ஒன்றை எடுத்து மாட்டுவார்கள், தேறிவிடும், பிட்டர்கள் இந்த டப்பாவோடு உள்ளே போவார்கள், போகட்டும், அது நல்ல டப்பா. எனக்குச் சஸ்பென்ஷன் வரும், விசாரணை வரும், மேஜையின் அந்தப் பக்கம் யாராவது உட்கார்ந்து எழுதுவார்கள். பயமாகத்தான் இருக்கிறது. குலசேகரன் சுழல் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார், காலிக் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அதற்குள் பார்க்கிறார். பாவம் என்று ஒரு நினைப்பு வரப் பார்த்தது, வர விடவில்லை. ஆறு வருஷத்தில் ஒரு மத்தியானம்தான் எனக்குக் கிடைத்திருக்கிறது, அதையும் இவருக்குத் தானம் செய்ய மாட்டேன். என் புருஷன் இந்நேரம் வீட்டில் ரேடியோவைச் சின்னதாக வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். விளக்கு வைத்ததும் எழுந்து போய்க் கண்ணாடி முன்னால் நின்று நுரையைக் குழைப்பார். அதற்குள் நான் போய்விட வேண்டும். ரேஸரைக் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, இன்னிக்கு வேண்டாம், வளரட்டும் என்று சொல்ல வேண்டும். திருத்தணிக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.